திருஷ்டி சுற்றிய பிஸ்கட்

புது மருமகளுக்குப் புகுந்த வீட்டில் எல்லாமே பயம்தான். மாமியார் திட்டினால் பயம், திட்டாமல் இருந்தால் அதைவிடப் பயம். கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிய நாளிலிருந்து நான் சத்தமாகத் தும்மியதுகூடக் கிடையாது. (என் வீட்டுக்காரர் இதை நம்ப மாட்டார்.)

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் செல்லத்தைப் பெண் பார்க்க அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே வந்த இடங்களெல்லாம் தட்டிப் போயிருந்ததால், இதுவாவது அமைய வேண்டுமே என்று வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுச் சீனத்து அக்காவிடம் கற்ற எலுமிச்சை பிஸ்கட்டைச் செய்து அசத்துகிறேன் என்று முந்திரிக்கொட்டையாக முன்வந்தேன்.

மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் பிசைந்த பிறகு பார்த்தால், வாங்கி வைத்த எலுமிச்சம்பழம் அழுகியிருந்தது. நல்லவேளையாக அடுப்போரம் ஒரு வெற்றிலைமேல் இன்னொரு பழம் இருந்தது. (வெற்றிலைமேல் எதற்குப் பழம் என்று யோசிக்கும் மூளை அன்று வேலைக்கு வரவில்லை.) தோலைத் துருவிப் போட்டேன். மாவைத் தேய்த்து, அக்கா இரவல் தந்த தகர அச்சால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி, சட்டிக்கு மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுட்டெடுத்தேன். வாசனை வாசல் வரைக்கும் போனது.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடிக்கத் தொடங்கிய நேரம், மாமியார் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெத்தலைமேல ஒரு பழம் வெச்சிருந்தேனே, எங்கம்மா?"

"பிஸ்கட்ல போட்டுட்டேன் அத்தே."

"காலையில செல்லத்துக்குத் திருஷ்டி சுத்துன பழம்டி அது. பொழுது சாஞ்சதும் முச்சந்தியில போட வெச்சிருந்தேன்."

செல்லத்தின்மேல் விழுந்த கண்ணேறு அத்தனையும் கூடத்தில் மொறுமொறுவென்று அரைபடுவது காதில் கேட்டது. மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஓடிப்போய் அவர் முன்னாலிருந்த தட்டைப் பிடுங்கினேன். பிஸ்கட் சரியாக வேகவில்லை என்று உளறினேன். நன்றாகத்தானே வெந்திருக்கிறது என்று வாய் நிறைய பிஸ்கட்டோடு சொல்லப் போனவருக்குப் புரையேறிவிட்டது. அவ்வளவுதான், எமனே வந்துவிட்டான் என்று அலறியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (உண்மையையும், தட்டையும்.)

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். மாமியார் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த கப்பலில் என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பது உறுதியாகிவிட்டது. செல்லம் கதவோரம் நின்று அழத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு கையில் மிஞ்சியிருந்த அரை நட்சத்திரத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. பொண்ணோட திருஷ்டியப் பாதி தின்னாச்சு, மீதிய வேற யாருக்கு விட்டுவெக்கிறதுலா?"

அந்த வருடமே கல்யாணம் முடிந்தது. இன்றைக்கும் அவருக்குச் சளி பிடித்தாலும் சரி, பெர்ரிப் படகைத் தவறவிட்டாலும் சரி, "அக்கா, உங்க பிஸ்கட் இன்னும் வேலை செய்யுது" என்று ஆள் மூலம் சொல்லியனுப்புவார். ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, உயர்ந்தபோது மட்டும் அது செல்லத்தின் ராசியாம்.