வளராத மரத்தின் நிழலுக்கு ஒரு டோக்கன்

அரசு ஊழியர் எவரும் முன் அனுமதியின்றிப் பொதுமக்களிடம் நன்கொடை பெறக் கூடாது என்பது விதி. நன்கொடை ஒரு குடம் தண்ணீராக வந்து, பதிலுக்கு இன்னும் விழாத நிழல் கொடுக்கப்பட்டால் என்ன செய்வது? விதியை எழுதியவர் நிழல் புரோக்கரைப் பார்த்ததில்லை. பெங்களூரில் வீட்டுமனை பிரித்து விற்றவர்கள் ஏராளம். முழங்கால் உயரக் கன்றின் நிழலைப் பிரித்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் அலுவலகத்துத் தண்ணீர் லாரி டிரைவர் அவர். தொண்ணூறுகளின் கடைசியில், பூமி சூடாவதைத் தடுக்கவென்று வந்த வெளிநாட்டு உதவியில், பெங்களூரை அடுத்த அத்திபெலே சாலையோரம் புங்கங்கன்றுகள் நட்டோம். அடுத்த ஆண்டே உதவி நின்றது. லாரிக்கு டீசலும் நின்றது. வெயில் மட்டும் நிற்கவில்லை. ‘கன்றுகள் காய்ந்தன’ என்று கண்காணிப்பாளரான நான் எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள்.

“காயறதுக்கு முன்னாடியே எழுதுவீங்களா சார்?”

“காஞ்சப்புறம் எழுதறேன்யா.”

“ஒரு வாரம் குடுங்க. ஒண்ணையும் காய வுட மாட்டேன்.”

அந்த வாரத்தில் சாலையோர வியாபாரிகள் எல்லோரையும் பிடித்துவிட்டார். கன்றுக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், மரமானதும் அதன் நிழலில் கடை போடலாம். அத்தாட்சிக்கு டோக்கன். அதில் என் மேஜையிலிருந்து சுட்ட முத்திரை: ‘அவசரம்’.

ஒவ்வொரு கன்றும் இரண்டு பேருக்கு. மேற்கே விழும் காலை நிழல் ஒருவருக்கு, கிழக்கே விழும் மாலை நிழல் இன்னொருவருக்கு. உச்சிவேளையை மறந்துவிட்டார். பதினேழாம் கன்றருகே கரும்புச்சாறு விற்பவரும் செருப்புத் தைப்பவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பன்னெண்டு மணி நெழல் யாருக்கு? அத சொல்லு குரு மொதல்ல!”

“என் நெழல்ல நின்னுக்கினு என்னியே கேக்கறியா?”

நிழல் அப்போது கைக்குட்டை அளவு இருந்தது.

நான் அங்கே போனதும் புரோக்கர் தீர்ப்புச் சொன்னார்: “மத்தியானம் எங்க சாருக்கு. ரிசர்வ் ஆயித்து.” என் கையில் ஒரு டோக்கனைத் திணித்தார். “ரிட்டயர் ஆனா உக்கார எடம் வேணாமா சார்? பக்கத்துல எனக்கும் கொஞ்சம் வுடுங்க.”

சண்டை மேலிடத்துக்கு எட்டியது. கன்றுகளைக் காய்ந்தவையாகக் கருதி அகற்றவும், டிரைவரை வேலைநீக்கம் செய்யவும் உத்தரவு வந்தது. அன்றைக்கே அவர் என் மேஜை முன் வந்து நின்றார்.

“வேல போனா போகட்டும் சார். தண்ணிய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் விதிகள்தான். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் நிலுவையில் இருக்கும்வரை உத்தரவை நிறைவேற்ற முடியாது. ‘உச்சிவேளை நிழல் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?’ என்று எழுதிக் கேட்டேன். ‘அவசரம்’ முத்திரையை அவரிடமிருந்து திரும்ப வாங்கிப் பளிச்சென்று குத்தினேன். அது இருந்தால் ஒருவரும் உறையைப் பிரிக்க மாட்டார்கள் என்பது என் முப்பதாண்டு அனுபவம்.

குடங்கள் வந்துகொண்டே இருந்தன. கன்றுகள் என் தலையைத் தாண்டின. புரோக்கர் லாரிச் சாவியை ஒப்படைத்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு வந்த மூன்றாம் மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

‘கன்றுகளின் தற்போதைய உயரத்தைத் தெரிவிக்கவும்’ என்ற பதில், நான் ஓய்வு பெற்ற இரண்டாம் கோடையில், ஒரு திங்கட்கிழமை உச்சிவேளையில் என்னைத் தேடி வந்தது. பதினேழாம் மரத்தடியில், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.