கேட்டம்மாவின் கழுத்துச் சாவி

அண்ணாமலையையே யாராவது செகண்ட் ஹேண்டாக விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால்கூட, கேட்டம்மா செங்கம் ரோட்டில் குறுக்கே நின்று, "முழுப் பணமும் வந்துடுச்சா?" என்று கேட்டிருப்பார். வரவில்லை என்றால் மலை அந்த இடத்திலேயே இறங்கியிருக்கும்.

கேட்டம்மா எங்கள் வீட்டு ஓனர். ஆசிரமத்துப் பக்கம் ஒரே காம்பவுண்டில் ஏழு போர்ஷன்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இரும்பு கேட். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும்; ரேஷன் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. கேட்டின் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று என் மனைவி செல்வி சொல்வாள்.

அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பழைய சாமான் வியாபாரம் ஓயாது. தியானம் பண்ண வந்து தங்கியவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது சைக்கிள், ஸ்டவ், மெத்தை, மேஜை எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். மனசு பற்றில்லாமல் பஞ்சாகியிருக்கிற நேரம். பணம் அப்புறம் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கேட்டம்மாவுக்கு அந்த ஞானம் கிட்டவில்லை. அவர் சட்டம் ஒன்றுதான். ஆள் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். விற்ற சாமான், காசு வந்து சேராமல் கேட்டைத் தாண்டக்கூடாது. விற்றவரே பரவாயில்லை என்றாலும் அந்தச் சிபாரிசு செல்லாது.

ஒரு வெள்ளைக்காரர் தன் சைக்கிளை இன்னொரு வெள்ளைக்காரருக்கு விற்றார். வாங்கியவர் "டுமாரோ, டுமாரோ" என்றபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்டம்மா பின்பக்க கேரியரைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் மூன்று வார்த்தை. "மணி. டுமாரோ நோ." அந்த மனிதர் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, வெயிலில் நடந்து போய்ப் பணத்தோடு வந்தார்.

இது பரவாயில்லை. மாடியில் குடியிருந்த ஸ்கூல் வாத்தியாரின் டேபிள் ஃபேனைக் கேட்டம்மாவின் சொந்த மகனே வாங்கினார். "சாயங்காலம் குடுத்துடறேம்மா" என்றார். "சாயங்காலமே வந்து எடுத்துக்கோ. அதுவரைக்கும் விசிறிக்கோ" என்று பனையோலை விசிறி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பணம் கொடுத்தாலும் உடனே திறக்கமாட்டார். நோட்டு பெரியதாக இருந்தால் ஒன்றை உருவிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் உப்பு வாங்குவார். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால் நோட்டு நல்ல நோட்டு. வாங்க வந்தவர் அதுவரை வெயிலில் காய வேண்டியதுதான். ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். ஒருநாள் அவர் அப்பா மாட்டை விற்று ஏமாந்த கதை, ஒருநாள் சித்தப்பா வண்டியை விற்று ஏமாந்த கதை. அவர் சொன்னதெல்லாம் நிஜம் என்றால், அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஏமாறுவதையே தொழிலாகச் செய்திருக்க வேண்டும்.

எங்கள் முறையும் வந்தது. செல்விக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் ஆபரேஷன், வியாழக்கிழமை அட்மிஷன், சேரும்போதே பணம் கட்ட வேண்டும். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாத்தியார். விற்றால் காசாகும் என்று வீட்டில் இருந்தது என் ஸ்கூட்டர் ஒன்றுதான். பதினாறாயிரம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். பெங்களூரிலிருந்து ஒருவர் இன்ஸ்டிட்யூட்டுக்கு போன் பண்ணி, என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தார். பேங்க் மூடிய நேரம்.

தும்பைப்பூ மாதிரி சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி. பேரமே பேசவில்லை. நம் ஊரில் கற்பூரத்துக்கே பேரம் பேசுவோம்; அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சார், கம்பெனில தப்பா பதினெட்டாயிரத்துக்கு டிடி எடுத்துட்டாங்க. உங்க பேர்லயே இருக்கு. ஜாஸ்தியா இருக்கற ரெண்டாயிரத்தைக் கையில குடுத்துடுங்க, நான் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பறேன்" என்றார்.

டிடி என்கிற அந்த பேங்க் டிராஃப்டை வாங்கிப் பார்த்தேன். என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. இரண்டு பக்கமும் மார்ஜின் அளவெடுத்த மாதிரி நின்றது. ஒரு டைப்ரைட்டிங் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? அப்படியே நம்பிவிட்டேன். செல்வி பீரோவிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்து எண்ணிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக் கேட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கே கேட்டம்மா ஸ்டூல் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பணம்?"

"வந்துடுச்சும்மா. நாமதான் ஜாஸ்தி ரெண்டாயிரத்தைத் திருப்பித் தரணும்" என்று டிடியைக் காட்டினேன்.

"இது பேப்பரு."

"டிடிம்மா. பணம் மாதிரிதான்."

"பணம் மாதிரி இருக்கறதெல்லாம் பணமா சார்? எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இதவிட வழவழன்னு இருந்துச்சு. அதக் குடுத்தா எவனாவது அரிசி போட்டானா?"

வந்தவர் வாட்சைப் பார்த்தார். "அம்மா, எனக்கு டைம் ஆவுது. பெங்களூர் போகணும்."

"போப்பா, யாரு வாணான்னாங்க? வண்டி இருக்கட்டும். திங்கக்கிழமை பேங்க்காரன் காசு வந்துடுச்சுன்னு சொல்லட்டும், நானே தள்ளிவிடறேன்."

"அதுவரைக்கும் நான் எங்கம்மா போவேன்?"

"மாடி ரூம் காலியாத்தான் கெடக்குது. வாடகைகூட வாணாம். சோறு நான் போடறேன். நாளைக்குப் பௌர்ணமி. இவ்ளோ தூரம் வந்துட்டு மலை சுத்தாம போனா நல்லாவா இருக்கும்? நானும் கூட வர்றேன். அடி அண்ணாமலைல சுக்குக்காப்பி வாங்கித் தர்றேன், வா."

"வியாழக்கிழமை பணம் கட்டணும்மா! இவர் போயிட்டா ஆபரேஷன் நின்னுடும். அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

கேட்டம்மா செல்வி பக்கம் திரும்பினார். "செல்வி, அந்த ரெண்டாயிரம் உங்கிட்டதான இருக்குது? குடு" என்றார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கீரை ஆய ஆரம்பித்தார்.

அந்த மனிதர் எஞ்சினை நிறுத்தினார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு கேட் திறந்தது. அந்த டீயை அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"பாவம், அவனுக்கும் சேத்து ஒலைல அரிசி போட்டுட்டேன்" என்று இரவு வரை கேட்டம்மா வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை பேங்க் மேனேஜர் டிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். போலியாம். "டைப்பிங் மட்டும் நல்லா இருக்கு சார்" என்று ஆறுதல் சொன்னார். வண்டியும் போய், கையிலிருந்த இரண்டாயிரமும் போயிருந்தால் செல்வியை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்?

மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மல்லாட்டை வியாபாரி வந்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு மணி நேரம் பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்தார். கேட்டம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நோட்டெல்லாம் மல்லாட்டைத் தூசி. அதில் ஒன்றைக் கொடுத்து உப்பு வாங்கிப் பார்த்துவிட்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

வேலூருக்கு எங்களோடு அவரும் பஸ் ஏறினார். பணம் அவர் சுருக்குப்பையில்தான். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் ஒரு கையால் பணத்தை நீட்டி, மறுகையை ரசீதுக்கு நீட்டினார். ரசீது வந்த பிறகுதான் பணத்தை விட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று செல்வி என்னைத் திட்டுகிற ஒவ்வொரு திட்டும் அந்த அம்மா கொடுத்தது. எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

கம்ப்யூட்டர் வந்து இன்ஸ்டிட்யூட்டை மூடியதும் எனக்கு சென்னையில் வேலை கிடைத்தது. காலி செய்யும் நாளில் சாமானை ஏற்றிக்கொண்டு லாரி கேட்டுக்கு வந்தது. கேட் பூட்டியிருந்தது.

"சாவியக் காணோம் சார்" என்றார் கேட்டம்மா.

டிரைவர் ஹாரன் அடித்தார். செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாங்க ஏதாவது பாக்கி வெச்சிருக்கோமாம்மா?"

"ஒண்ணும் இல்லடி. எல்லாம் குடுத்துட்டீங்க. சாவியத்தான் காணோம்."

சாவி அவர் கழுத்தில், முந்தானைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். செல்வி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டம்மாவோடு சேர்ந்து சாவியைத் தேட ஆரம்பித்தாள்.