ஜாயின்ட் காயும்வரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் என் நலத்தைப் பற்றி நீ ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்பதும் என் விருப்பம். போனில் சொல்லலாம் என்றால், நான் ஆஸ்பத்திரி என்று ஆரம்பிப்பதற்குள் நீ மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறாய். அழுகிறவளோடு பேசி ஜெயிக்க என்னால் முடியாது.

முதலில் ஒன்று. வயிற்றில் தொங்கும் மலப் பையோடு மிச்ச காலத்தை நான் உங்கள் வீட்டு மாடி அறையில் கழிக்கலாம், என் டூல்ஸ் பெட்டியை விற்றுவிடலாம் என்று அத்தான் யோசனை சொன்னாராமே, அந்தப் பெட்டியை அவர் தொடக்கூட வேண்டாம். முப்பத்தோரு வருஷமாகப் பிளம்பர் வேலை பார்க்கிறவன் நான். கசிவு என்றால் குழாயைச் சரிசெய்வேனே தவிர, வீட்டைக் காலி செய்ய மாட்டேன்.

நடந்தது இதுதான். மலக்குடலில் இருந்த கட்டியைச் சுருக்க ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள், கூடவே கீமோ மாத்திரை. பிறகு கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாளே சர்ஜன் வந்து, கதிர்வீச்சு பட்ட இடத்தில் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டிருக்கும், ரத்தம் சரியாகப் போகாது, தையல் சேர நாளாகும், சில பேருக்குக் கசியவும் கசியும் என்றார். நான் விடவில்லை. பழைய லைனில் புது ஜாயின்ட் போட்டால் எங்களுக்கும் இதே தலைவலிதான் என்று சொல்லி, தண்ணீர் விட்டு டெஸ்ட் பண்ணுவீர்களா என்று கேட்டேன். காற்று விட்டுப் பார்ப்போம் என்றார். எத்தனை பிரஷர் என்றதற்கு அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் சாப்பிடச் சொன்னார்கள். இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பசை தடவிய ஜாயின்ட் காயும்வரை லைனைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சாதாரணக் குழாய்க்கே ஒரு நாள் விட வேண்டும் என்றால், கதிர்வீச்சில் வெந்த குழாய்க்கு எவ்வளவு விட வேண்டும்? நானே பத்து நாள் என்று முடிவு செய்தேன். எனக்கு வந்த முட்டையும் சூப்பும் பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்குப் போயின. அவர் நாளுக்கு நாள் தேறினார். என் வயிற்று மேல்காயம் ஆறாமல் வாய் பிளந்தது. எடை பார்த்த நர்ஸுக்குச் சந்தேகம் வந்து டிரைவரை விசாரிக்க, அந்த மனுஷன் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

நர்ஸ் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "ஜாயின்டுக்கு மேலயே லைனைத் திருப்பி வெளியில பையில விட்டிருக்கோம். நீங்க சாப்பிடுறது அந்தப் பக்கம் போகவே போகாது. பிளம்பர்னு சொல்றீங்க, பைபாஸ் லைன் தெரியாதா?"

அக்கா, என் சர்வீஸில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. எத்தனை கட்டடத்துக்கு நானே பைபாஸ் போட்டிருக்கிறேன். தினமும் அந்தப் பையைக் காலி செய்பவனும் நான்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புரதம் இல்லாமல் காயம் ஆறாது, காயம் ஆறாமல் அடுத்த கீமோவைத் தொடங்க முடியாது, தொடங்கினால் அந்த மருந்து காயம் ஆறுவதையும் சேர்த்து நிறுத்திவிடும் என்று சர்ஜன் வேறு வந்து வகுப்பெடுத்தார். என் புத்திசாலித்தனத்தால் கீமோ தள்ளிப்போனது. அன்றிலிருந்து தினம் நாலு முட்டை சாப்பிடுகிறேன். மேல்காயம் மூடி, வீட்டுக்கும் வந்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் ஜாயின்ட் மட்டும், போன மாதம் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் நூலளவு கசிந்தது. வரும் வியாழக்கிழமை மறுபடி எடுக்கிறார்கள். கசிவு அடைபட்டிருந்தால் கீமோவைத் தொடங்கி, அது முடிந்ததும் பையை எடுத்துவிடுவார்கள். அடைபடாவிட்டால் பை நிரந்தரமாகவே இருக்கலாமாம். இருக்கட்டுமே. பையோடு சிங்க் அடியில் படுத்து வேலை பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? போன வாரம் செக்கப்புக்குப் போனபோது, வார்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுத்தான் வந்தேன். பையும் ஒழுகவில்லை, குழாயும் ஒழுகவில்லை.

ஆகவே நீ வர வேண்டாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அதில் நீ உட்கார்ந்து அழுவாய், நான் நின்றுகொண்டு சமாதானம் சொல்ல வேண்டும். எனக்குத் துணையும் தேவையில்லை, பயமும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டுக் குழாய் எதுவும் ஒழுகாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
யார் சொல்லுக்கும் அடங்காத உன் தம்பி

பின்குறிப்பு: வியாழன் காலை எட்டரைக்குக் கூப்பிடுவார்கள். நீ எட்டு மணிக்கே வந்துவிடு. டூல்ஸ் பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டு வரட்டும், எக்ஸ்ரே அறைக் குழாயும் ஒழுகுகிறது, எனக்குத்தான் இன்னும் தூக்கப் பலம் வரவில்லை. அந்த நாற்காலியில் நீயே உட்கார்ந்துகொள். நான் உள்ளே இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் அழு. வெளியே வந்த பிறகு மட்டும் நீ அழக் கூடாது. அப்போது ஒருவேளை நான் அழ வேண்டியிருக்கும்.