நாலாம் மாடியில் ஒரு முடி

இன்டர்காம் அலறியபோது பல்செட்டுக்காரர் பூனையின் இடது விலாவை வாரி முடித்துவிட்டு வலது விலாவுக்கு வந்திருந்தார்.

"சார், ஓனர் வந்திருக்கார்," என்றார் வாட்ச்மேன், பாதி மூச்சில். "வீடு வீடா ஏறி இறங்கறார். பூனை இருக்கான்னு பாக்கறாராம்."

"எந்த மாடியில இருக்கார்?"

"இப்பதான் முதல் மாடி. கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிஞ்சு பாக்கறார் சார்."

பல்செட்டுக்காரர் குடியிருந்தது நாலாம் மாடி. வாடகை ஒப்பந்தத்தின் எட்டாவது விதி, வீட்டில் எந்தப் பிராணியும் இருக்கக் கூடாது, இருந்தால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்றது. ஒரு வருஷம் செருப்புத் தேயத் தேடிக் கிடைத்த வீடு. அவர் பல்செட்டு செய்யும் லேபுக்கு ஏழு நிமிஷ நடை. குழாயில் எந்நேரமும் தண்ணீர். இதைவிட்டால் போக்கிடம் கிடையாது. ஓனரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் புரோக்கர் மூலம்தான். ஆனால் எட்டாவது விதியைப் படித்ததிலிருந்து, ஆறடி உயரமும் உருட்டு விழியுமாக ஒரு மனிதர் அவர் மனதில் குடியேறியிருந்தார்.

"ஏம்மா! ஓனர் வர்றாராம்!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினார்.

மனைவி காதில் ஹெட்போனோடு அறை வாசலுக்கு வந்து, உதட்டில் விரல் வைத்தாள். வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்வது அவள் வேலை. "சொல்லுங்க சார், தண்ணி வெளியே போகலையா? ஃபில்டரைக் கழட்டிப் பாத்தீங்களா?" என்றபடியே கணவனை முறைத்தாள். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "துரையை ஒளிச்சு வைங்க. முடியெல்லாம் எடுங்க. ஒரு முடிகூட இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

துரை என்பது பூனை. சந்தன நிறம். வேலை வெட்டி எதுவும் இல்லாததாலும், யார் வந்தாலும் எழுந்து நிற்காததாலும் அந்தப் பெயர்.

ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். ஓனரே போட்டுவைத்திருந்த கருநீல சோபாவில் துரை பகல் முழுவதும் படுத்துப் படுத்து, அது பாதி சந்தன நிறமாகியிருந்தது. அதற்காகத்தான் மனைவி போன வாரம் அந்தப் பிரஷ்ஷை வரவழைத்திருந்தாள். பொடிப் பொடியாக எஃகுப் பற்கள், முதுகில் ஒரு பொத்தான். வாரிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் முடி பாய்போலக் கழன்று விழும். உதிரும் முடியில் தொண்ணூற்றைந்து சதவீதம் நீங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நீங்கி எங்கே போகும் என்று போடவில்லை.

சோபாவில் ஒட்டியதை எடுப்பதைவிட, இனி ஒட்டாமல் செய்வதுதான் முதல் வேலை என்று பல்செட்டுக்காரருக்குத் தோன்றியது. பல்லின் அரை மில்லிமீட்டர் பிசகைக்கூடப் பொறுக்காத மனிதர். துரையை மடியில் கிடத்தி வலது விலா, முதுகு, கழுத்து, வால் என்று வாரித் தள்ளினார். துரை கண்களை மூடிக்கொண்டு, மோட்டார் ஓடுவதுபோல் உறுமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் என்று புரண்டு காட்டியது. பத்து நிமிஷத்தில் சாப்பாட்டு மேஜைமேல் இன்னொரு பூனைக்கு வேண்டிய முடி சேர்ந்துவிட்டது.

மறுபடியும் இன்டர்காம். "முதல் மாடி முடிஞ்சுது சார். ரெண்டாவதுக்குப் போறார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. படிக்கட்டுல ஒரு முடியைப் பொறுக்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார். கவர்ல போட்டுக்கிட்டார்."

"கவர்லயா?"

"ஆமா சார். பத்திரமா."

ஆதாரம் சேர்க்கிறார்! பல்செட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே இருந்த மனைவிக்கும் வியர்த்திருக்க வேண்டும். அவள் வெளியே வந்து, புகார்க்காரரிடம் பேசிக்கொண்டே ஃபேன் சுவிட்சைத் தட்டினாள்.

"ஐயோ, போடாதே!"

மேஜைமேல் இருந்த முடிக்குன்று ஒருமுறை நிதானமாக எழுந்து, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா இடத்திலும் சமமாக இறங்கியது. சோபா, திரைச்சீலை, டி.வி., பல்செட்டுக்காரரின் மீசை. துரை ஒரு தும்மல் போட்டது.

"இல்லீங்க சார், அது லைன்ல வர்ற சத்தம்," என்றாள் மனைவி போனில்.

அவர் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு சோபாமேல் பாய்ந்தார். பூனையை வாரிய மாதிரியே சோபாவையும் அழுத்தி வாரினார். முடி வந்தது. கூடவே நூலும் வந்தது. நாலு இழுப்பில் கருநீலத் துணியில் உழவு போட்டதுபோல் நீள நீளமாகக் கோடுகள். அதை மறைக்க அலமாரியிலிருந்து ஒரு போர்வையை உருவி விரித்தார். அது துரை குளிருக்குச் சுருண்டு படுக்கும் போர்வை. சோபாவில் முன்பு இருந்ததைவிட அதில் இரண்டு மடங்கு முடி இருந்தது.

"போர்வையைத் திருப்பிப் போடுங்க!" என்றாள் மனைவி, மைக்கைப் பொத்தியபடி.

திருப்பிப் போட்டார். மறுபக்கம் அதைவிட மோசம்.

"படிக்கட்டுல கிடந்த சனியனைத் தூக்கிட்டு வந்தது யாரு? நானா?" என்று வெடித்தார்.

"மழையில நனைஞ்சிட்டு நின்னுது, தூக்கிட்டு வந்தேன். மீன் வாங்கிட்டு வந்து முள்ளெடுத்து ஊட்டுனது யாரு? நானா?" என்றாள் அவள்.

அவர் அள்ளிய முடியையெல்லாம் உருண்டையாக உருட்டினார். குப்பைத் தொட்டியில் போட்டால் ஓனர் அதையும் கிளறுவார். ஜன்னல் வழியே எறிந்தால் கீழ்வீட்டுக் கொடித் துணியில் விழும். ஓடிப்போய்க் கக்கூஸில் போட்டுத் தண்ணீரைத் திறந்தார். உருண்டை ஒருமுறை சுழன்றது, உள்ளே போனது, அங்கேயே தங்கிவிட்டது. தண்ணீர் இறங்குவதற்குப் பதில் ஏறத் தொடங்கியது. விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து நின்று, உள்ளிருந்து ஒரு குமிழி விட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"மூணாம் மாடி சார்," என்றது இன்டர்காம்.

"நீங்க உடனே மேல வாங்க. பின்பக்கப் படியில வாங்க," என்றார் பல்செட்டுக்காரர்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது துரை அழுக்குத்துணிக் கூடைக்குள் இருந்தது. மேலே இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை.

"உங்க ரூம்ல வச்சுக்குங்க. யாராவது கேட்டா இஸ்திரிக்குப் போற துணின்னு சொல்லுங்க. அது யார் பூனைன்னு யார் கேட்டாலும் எங்க பேர் உங்க வாயில வரக் கூடாது. உயிரே போனாலும்!"

"உயிரே போனாலும் சொல்லமாட்டேன் சார்," என்றார் வாட்ச்மேன். கூடைக்குள்ளிருந்து துரையும் ஏதோ சொன்னது.

அவர் பின்படியில் இறங்கியதும் முன்வாசல் மணி அடித்தது.

பல்செட்டுக்காரர் கதவைத் திறந்து, ஆறடி உயரத்தில் முகத்தைத் தேடினார். அங்கே யாரும் இல்லை. பார்வையைக் கீழே இறக்கினால், ஒடிசலாக, தோய்த்து மடித்த சட்டையில், அறுபத்தைந்து வயதுள்ள ஒருவர் நின்றிருந்தார். உருட்டு விழி இல்லை. கண்கள் கொஞ்சம் சிவந்திருந்தன. அதுவே பல்செட்டுக்காரரைப் பயமுறுத்தப் போதுமாக இருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்க வீட்டுல பூனை..."

"இல்லவே இல்லை சார்! எட்டாவது விதி எனக்கு மனப்பாடம். பூனைன்னா எங்களுக்கு ஆகவே ஆகாது. என் மனைவிக்குப் பூனைன்னு எழுதினாலே தும்மல் வரும்."

"நான் எதுக்காகக் கேக்கறேன்னா..."

"தெரியும் சார், தெரியும்! கேக்கறதுக்கு உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு. கட்டிலுக்கு அடியில பாக்கறீங்களா? வாங்க, வாங்க!"

ஓனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பல்செட்டுக்காரர் அவரைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஹாலுக்குத் திரும்பியபோது ஓனர் சட்டென்று நின்று, பல்செட்டுக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அவர் மீசையிலிருந்து ஒரு சந்தன நிற முடியை இரண்டு விரலால் எடுத்தார்.

"இது யாரோட முடி?"

உள்ளறையில் மனைவியின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

"மாமனாரோடது," என்றார் பல்செட்டுக்காரர்.

"மாமனாரா?"

"ஆமா சார். எங்களோடதான் இருக்கார். வயசாயிடுச்சு, முடி கொட்டுது."

ஓனர் முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ரொம்ப மிருதுவா இருக்கு."

"நல்ல ஷாம்பு போடுவார் சார்."

மேஜைக்கு அடியில் பிரஷ் கிடந்தது, பல்லெல்லாம் முடியோடு. ஓனர் குனிந்து அதை எடுத்தார்.

"அவரோட சீப்பு," என்றார் பல்செட்டுக்காரர், கேட்பதற்கு முன்பே.

ஓனர் அந்தப் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாத்தியிருந்த கக்கூஸ் கதவைப் பார்த்தார். "அங்கே?"

"உள்ளே ஆள் இருக்கு சார்."

"யாரு?"

"மாமனார்."

ஓனர் மெல்ல நடந்து கதவருகே போனார். காதை வைத்துக் கேட்டார். "ஐயா... உள்ளே இருக்கீங்களா?" என்றார் மரியாதையாக.

உள்ளிருந்து, "குளுக்," என்று சத்தம் வந்தது.

"அவசரப்படாதீங்க, மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டு ஓனர் திரும்பி வந்தார். பிரஷ்ஷின் பொத்தானை அழுத்தினார். முடி பாயாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. "இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்றார்.

பல்செட்டுக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி ஒட்டும் பல்செட்டை அவர் ஆயுளில் செய்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஓனர் கைக்குட்டையை விரித்து, முடியை நடுவில் வைத்து, நாலு மூலையையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்களைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். போர்வைக்கு அடியில் இருந்த சோபாவைப் பற்றி அவர் கேட்கக்கூட இல்லை.

கதவு சாத்தியதும் மனைவி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தாள்.

"எங்கப்பாவுக்கு முழு வழுக்கைங்க!"

"அவருக்குத் தெரியவா போகுது?"

"கண்ணெல்லாம் தண்ணியா ஊத்துச்சே, பாத்தீங்களா? அவருக்குப் பூனை முடி ஒத்துக்காது போல. அதான் எட்டாவது விதியே போட்டிருக்கார். அந்த முடியைக் கொண்டுபோய் எங்கேயாவது பரிசோதனைக்குக் குடுத்தா?"

"குடுப்பார். அதுக்குத்தானே கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுப் போறார்." பல்செட்டுக்காரர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். போர்வையிலிருந்து முடி எழுந்து அவரைச் சுற்றிப் பறந்தது. "பதினஞ்சு நாள். அதுக்குள்ள வீடு தேடணும்."

"துரையை விட்டுட்டுன்னா நான் வரமாட்டேன்."

"யாரு விட்டுட்டு வரச் சொன்னது?" என்றார் அவர் சட்டென்று. சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "அட்டைப்பெட்டி பரண்மேல இருக்கா? பாத்திரத்தை முதல்ல கட்டிடலாம்."

இரண்டு பெட்டி கட்டி முடித்திருப்பார்கள். பின்வாசலில் தட்டும் சத்தம். திறந்தால் வாட்ச்மேன். வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"கூடை எங்கே?" என்றாள் மனைவி.

"கூடை என் ரூம்லதாம்மா இருக்கு. பூனைதான் அதுல இல்லை. ஓனர் கேட்டைத் தாண்டும்போது அதுவே துண்டைத் தள்ளிட்டுக் குதிச்சு, ஓடிப்போய் அவர் தோள்ல ஏறி உட்காந்துக்கிச்சு."

பல்செட்டுக்காரர் கையிலிருந்த பாத்திரம் நழுவியது. "எங்க பேரைச் சொல்லிட்டீங்களா?"

"சத்தியமாச் சொல்லலை சார். ஆனா, அஞ்சு மாசமா தெருத்தெருவாத் தேடின தன் பூனையை இப்படிப் பளபளன்னு வாரி வச்சிருந்த புண்ணியவான் யாருன்னு அவர் கேட்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழறார், இப்பவாவது சொல்லலாமா?"