நாரிநோவின் சொந்தக்காரர்

ஸாலிஹா பாயில் விழுந்துவிட்டாள் என்பது ஆதம்பாவாவுக்குத் தெரியவந்ததே, பின்னேரத் தேத்தண்ணி வராமல் போனதால்தான். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ஒருதரம் செருமினார். பிறகு கொஞ்சம் பலமாகச் செருமினார். அதற்கும் குசினிப் பக்கம் அசைவில்லை. கடைசியில், அந்தக் கதிரையிலிருந்து எழும்புவதற்கென்று வைத்திருந்த முறைப்படி, "யா அல்லாஹ்" என்று சொல்லி, இரண்டு கைகளையும் ஊன்றி, பின்னிடுப்பில் நாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

ஸாலிஹா சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்தாள்.

"என்ன புள்ள, தேத்தண்ணி இல்லையா?"

"நாரி பிடிச்சிட்டுது. எழும்ப ஏலாது. நீங்களே ஊத்திக் குடிங்க."

ஆதம்பாவாவுக்கு வந்தது கவலை என்று எழுதினால் அது பொய். வந்தது கோபம். அந்த வீட்டில் நாரிநோ என்றால் அது அவருடையது. திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி தூக்கும்போது பிடித்தது; மூன்று வருடமாக அவரை விடவில்லை. எண்ணெய், ஒத்தடம், ஊசி, ஓதிய தண்ணீர் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் எக்ஸ்றே எடுத்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்றார்கள். அந்த 'ஒன்றுமில்லை' அவருக்கு நோவைவிட அதிகமாக நொந்தது. புரண்டு படுக்க முடியாமல் பல்லைக் கடிக்கிறவனிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவன் எங்கே போய் முறையிடுவது?

அவருடைய நோ உண்மையானது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதை ஊரை நம்பவைப்பது தனி உத்தியோகமாகிவிட்டது. சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்கு எக்ஸ்றேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் ஓடும் ஒரு வெள்ளைக் கீற்றைத் தொட்டுக் காட்டுவார். அது அவரே படத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்ததால் விழுந்த தழும்பு. அந்த விபரத்தை மட்டும் சொல்வதில்லை.

நம்பிக்கை போனால் பிழைப்பும் போய்விடும். துறைமுகத்தில் இரக்கப்பட்டு அவரைப் பெட்டி தூக்குவதிலிருந்து எடுத்து, கேற்றடியில் ஒரு கதிரை கொடுத்து இருத்தியிருந்தார்கள். ஓவர்சியர் ஜெமீலுக்கு அதில் அரைமனதுதான். ஆதம்பாவா கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாலும் அவன் கண் முதுகில் வந்து நிற்கும். திரும்பப் பெட்டிக்குக் கீழே போவதை நினைத்தாலே ஆதம்பாவாவின் கை நாரிக்குப் போய்விடும்.

டவுணில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் சோமசேகரம் ஒருவர்தான் வேறுமாதிரிச் சொன்னவர். "நோ உண்மைதான். ஆனா கதிரையில கிடந்தா அது மாறாது. பெட்டி தூக்க வேணாம், மெல்ல மெல்ல நடவுங்க, வீட்டில சின்னச் சின்ன வேலை செய்யுங்க" என்றார். முதல் வசனம் ஆதம்பாவாவின் காதில் ஏறவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்து 'நீ சோம்பேறி' என்று கேட்டது. அதோடு அந்தப் படியை மிதிப்பதை விட்டுவிட்டார்.

இப்போது அவருடைய சொத்தில் ஸாலிஹா பங்கு கேட்கிறாள். சுகம் விசாரிக்க வருகிற சனம் சாய்மனைக் கதிரையைக் கடந்து உள்ளே போகத் தொடங்கியது. பக்கத்து வீட்டு றம்லா கோழிச் சூப்போடு வந்து, அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரிடம் ஆதம்பாவா வழக்கம்போல எக்ஸ்றேயை எடுத்துக் காட்டினார். அந்த மனிதர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பாவம்," என்றார். "இதா உள்ள படுத்திருக்கிற ராத்தாட படம்?"

அன்றைக்கே ஆதம்பாவா முடிவுக்கு வந்துவிட்டார். ஸாலிஹாவுக்கு நோவும் இல்லை, நொடியும் இல்லை. நாரிநோவில் அவருக்குத் தெரியாத ரகசியம் எது? நோ உள்ளவன் முனகுவான். திரும்பும்போது ஆண்டவனைக் கூப்பிடுவான். யார் வந்தாலும் அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் காட்டுவான். இவள் நோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. றம்லாவோடு சிரித்துக்கூடப் பேசினாள். நோவோடு ஒரு மனிசர் சிரிப்பதாவது. இவளை எப்படியாவது பிடித்துக் காட்டவேண்டும், தன் நோவுக்கு மரியாதையைத் திரும்ப வாங்கவேண்டும் என்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் பட்டினி போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார். பசித்தால் தானாக எழும்பி அடுப்பை மூட்டுவாள். ஸாலிஹாவுக்கு றம்லா வீட்டிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்ததால் பட்டினி கிடந்தது அவர் ஒருவர்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் பேக்கரி வாசலில் பாண் கியூவில் போய் நின்றார். பாணுக்குச் சந்தி வரையும் சனம் நின்ற காலம் அது. நாரியைப் பிடித்து முனகியபடிதான் நின்றார். ஆனால் முன்னால் நின்றவனோடு சீனித் தட்டுப்பாட்டைப் பற்றிக் கதை தொடங்கி, அது அரசாங்கத்துக்குப் போய், வாக்குவாதமாகி, முனக மறந்துபோனார். பாணோடு திரும்பும்போது சந்தியில் ஒருவர், ஆதம்பாவா நானா இப்ப நல்லா நிக்கிறார் போல என்றார். ஆதம்பாவா அவசரமாக ஒரு முனகலைப் போட்டார். அது பிந்திவிட்டது.

வீட்டில் தண்ணீர் இல்லை. கிணற்றில் அள்ளினார். அள்ளிய தண்ணீரைக் குசினிக்குக் கொண்டுவர வாளியோடு நடந்தார். வேலிக்கு மேலால் றம்லாவின் தலை தெரிந்தது, வாளியைக் கீழே வைத்துவிட்டு நாரியைப் பிடித்தார். தலை மறைந்தது, வாளியைத் தூக்கினார். தலை திரும்ப வந்தது. குசினி வந்து சேரும்போது அரைவாளித் தண்ணீர் அவர் உடுத்திருந்த சாரத்தில் இருந்தது.

இது சரிப்படாது என்று கண்டு, ஸாலிஹாவை லாஞ்சில் ஏற்றிக் குடாவைத் தாண்டி கட்டைபறிச்சானுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு எண்ணெய் வைத்தியர் இருந்தார். அவருடைய பெருவிரலுக்குப் பயந்து, நோ உள்ளவர்களே நோ இல்லை என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். நடிக்கிறவள் ஒரு நிமிஷம் தாங்கமாட்டாள் என்பது ஆதம்பாவாவின் கணக்கு.

பெண்பிள்ளைக்குத் தன் மனைவியைக்கொண்டு நாரியைத் தடவிப் பார்ப்பது அந்த வைத்தியரின் வழக்கம். அந்த அம்மாவின் விரல் புருஷனுடையதைவிட மோசம். ஆதம்பாவா திரைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"இது பழைய நோவெல்லோ?" என்று உள்ளேயிருந்து அந்த அம்மா கேட்டாள்.

"இல்ல, போன கிழமை வந்த நோ," என்று ஸாலிஹாவுக்காக ஆதம்பாவா பதில் சொன்னார்.

வெளியே வந்த ஸாலிஹாவின் கண் சிவந்திருந்தது. அங்கே படுத்து நித்திரை கொண்டிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வைத்தியர் ஒரு போத்தல் எண்ணெயைக் கொடுத்து, காலையும் மாலையும் சூடாக்கி, பக்கத்தில் முழங்காலில் நின்று அழுத்தித் தேய்க்கவேண்டும் என்றார். யார் தேய்ப்பது என்று ஆதம்பாவா கேட்டார். வைத்தியர் அவரைப் பார்த்த பார்வையிலேயே விடை இருந்தது.

ஆக, பாண் எடுத்து, தண்ணீர் அள்ளி, சோறாக்கி, கேற்றடிக்குப் போய்வந்து, மிச்ச நேரத்தில் முழங்காலில் நின்று எண்ணெய் தேய்க்கிற மனிதராக ஆதம்பாவா மாறினார். சாய்மனைக் கதிரையில் பூனை படுத்தது. ஊர் அவரை மெச்சியது. பெண்சாதியை இப்படிப் பார்க்கிற மனிசன் எங்கே இருக்கிறான் என்று றம்லா தன் புருஷனுக்கு உதாரணம் காட்டினாளாம். ஒருவராவது, உங்கட நாரி எப்படி என்று கேட்கவில்லை.

கடைசி ஆயுதமாக அவர் கையிலெடுத்தது கன்னியா வெந்நீர்க் கிணறுகளை. அங்கே போகிற யாரும் சும்மா இருப்பதில்லை. ஏழு கிணறும் ஏழு சூடு. எது கூட, எது குறைய என்று பார்க்கிற ஆசையில் கிழடு கட்டைகளே வாளியைப் பறித்து அள்ளும். ஸாலிஹாவும் தன்னை மறந்து குனிந்து அள்ளுவாள், அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

ஸாலிஹா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க ஊத்துங்க," என்றாள்.

அவர் அள்ளி ஊற்றினார். கொஞ்சம் சூடு கூட என்றாள், அடுத்த கிணற்றுக்குப் போனார். இந்தச் சூடு காணாது என்றாள், அதற்கடுத்த கிணற்றுக்குப் போனார். வெந்நீர் பட்டதும் அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்கே ஏதோ செய்தது. இன்னொரு சுற்று ஊற்றினார். குனிவதும் நிமிர்வதுமாக அவர் நின்றபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. ஓவர்சியர் ஜெமீல், பெண்சாதி பிள்ளைகளோடு துவாயைத் தோளில் போட்டபடி நின்றான்.

"நாரி நல்லாகிட்டுது போல, நானா."

ஆதம்பாவா வாளியை வைத்துவிட்டு நாரியைப் பிடித்தார். அவசரத்தில் வயிற்றைப் பிடித்துவிட்டார்.

"திங்கக்கிழமை கதைப்பம்," என்றான் ஜெமீல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. திங்கட்கிழமை, தேயிலைப் பெட்டி, ஜெமீலின் முகம் என்று மாறி மாறி வந்தது. இறங்கி வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிறகுதான், 'யா அல்லாஹ்' சொல்லாமலே சீற்றிலிருந்து எழும்பியது ஞாபகம் வந்தது. நின்று நிதானித்துப் பார்த்தார். நோ இருந்தது. ஆனால் மூலையில் ஒதுங்கி இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அதைக் கவனிக்கவே அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

அப்போதுதான் வேலிக்கு மேலால் றம்லா கேட்டாள், டொக்டர் சோமசேகரம் கொடுத்த குளிசை ராத்தாவுக்கு முடிந்துவிட்டதா என்று. பாயில் விழுந்ததற்கு முதல் நாள்தான் ஸாலிஹா டிஸ்பென்சரிக்குப் போய்வந்தாளாம்.

ஆதம்பாவாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நடவுங்க, சின்ன வேலை செய்யுங்க என்று சொல்லிக் கேட்காத மனிதனை நடக்கவைக்க, டொக்டரும் ஸாலிஹாவும் சேர்ந்து போட்ட திட்டம் இது. பாண் கியூவும் வாளியும் எண்ணெய்ப் போத்தலும் அவருக்கான மருந்து. முதலில் காது வரைக்கும் கோபம் ஏறியது. பிறகு அது இறங்கி, அதன் இடத்தில் ஒரு பெருமை வந்தது. தன்னைச் சுகப்படுத்த இவ்வளவு நாளும் நல்ல உடம்போடு பாயில் கிடந்திருக்கிறாளே. ஸாலிஹாவை நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. அப்படி நினைத்து அவர் கண் கலங்கி வெகுகாலமாகியிருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே டிஸ்பென்சரிக்குப் போனார். திங்கட்கிழமைக்கு வழி தேடவும் வேண்டியிருந்தது. நடக்கலாம், பெட்டி மட்டும் தூக்க ஏலாது என்று டொக்டர் ஒரு வார்த்தை சொன்னால் ஜெமீல் கேட்பான். டொக்டர் வெளியே போயிருந்தார். மருந்து கட்டிக்கொடுக்கும் நல்லம்மா மட்டும் மேசையில் குளிசை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆதம்பாவா பழத்தை வைத்துவிட்டு, எல்லாம் தெரிந்த மனிதரின் சிரிப்பொன்று சிரித்தார்.

"டொக்டரிட்டச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு. கோவமில்ல. எனக்கு நல்ல சுகம். இனி ஸாலிஹாட நடிப்புப் போதும், எழும்பச் சொல்லுங்க."

"என்ன நடிப்பு?"

"நாரிநோ எண்டு பாயில கிடக்கிற நடிப்புத்தான்."

நல்லம்மா எண்ணுவதை நிறுத்தினாள்.

"நீங்க இஞ்ச காலடி வைக்கிறதுக்கு எவ்வளவோ முந்தி அவ நாரிநோவுக்கு மருந்தெடுக்கத் தொடங்கிட்டா. தண்ணி தூக்காதீங்க எண்டு டொக்டர் எப்பயும் சொல்லுறதுதான். 'வீட்டுக்கு ஒரு நோ போதும்' எண்டு சொல்லிச் சிரிச்சிட்டுப் போயிடுவா. இந்தமுறைதான் டொக்டர் ஏசிப்போட்டார், இனியும் தூக்கினா எழும்பவே ஏலாமப் போகும் எண்டு."

ஆதம்பாவா பக்கத்தில் இருந்த கதிரையைத் தேடிப் பிடித்தார். உட்காரவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப," என்றார், "அவ நடிக்க இல்லையா?"

"நடிச்சவதான், நானா," என்றாள் நல்லம்மா. "இவ்வளவு வருஷமும், நோ இல்லாத மாதிரி."