ஆள் மாறிய இதயம்

மருத்துவமனையிலிருந்து வந்த போனைப் பஸ் டிரைவரின் மனைவி எடுத்துத் தொலைத்தாள். வந்தது வினை.

"ஏங்க, நேத்து எடுத்த ஸ்ட்ரெஸ் எக்கோவுல உங்க இதயத்துல கோளாறாம்! உடனே வரச் சொல்றாங்க!"

டிரைவருக்கு வேர்த்துவிட்டது. டிப்போ எடுக்கச் சொன்ன அந்த டெஸ்டுக்கு அவர் போகவே இல்லையே! டிரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே படுக்கவைத்து, இதயத்தை ஸ்கேனில் பார்ப்பார்களாம். இவரோ இரண்டு மாடி ஏறினாலே நாக்குத் தள்ளுகிற ஆசாமி. டெஸ்டில் தோற்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் பைல் தூக்க விட்டுவிடுவார்கள். அதனால், தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற மச்சானைத் தன் பெயரில் அனுப்பிவைத்திருந்தார்.

"கோளாறு எனக்கில்லடி. உன் தம்பிக்கு" என்று உண்மையைக் கக்கினார்.

"அடப்பாவி மனுஷா! என் தம்பி இதயத்துல கோளாறு, நீங்க இங்க நின்னு முழிக்கிறீங்களே! வாங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லாட்டி அவன் உசுரு போயிடும்."

டிரைவர் சட்டையை மாட்டினார். இருவரும் கிளம்பினார்கள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மேசைமேல் வீசினார். "இதெல்லாம் ஒரு இதயமா? ஓடி முடிச்சதும் ஒரு பக்கச் சுவர் அசையவே மாட்டேங்குது. பெரிய அடைப்பு இருக்கணும். உடம்பைப் பத்திக் கொஞ்சமும் அக்கறையில்லாத ஜென்மம்!"

"டாக்டர், அது என் இதயம் இல்ல. என் மச்சானோடது" என்றார் டிரைவர். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டாக்டருக்கு வந்ததே கோபம்! "ஆள் மாறாட்டமா? டிப்போவுக்கு இப்பவே எழுதறேன்! முதல்ல அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவர் மாடி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது, கத்தவே கூடாது!" என்று கத்தினார்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். "தம்பி, இருக்கிற இடத்தைவிட்டு அசையாதே! உனக்கு இதயத்துல அடைப்பு!"

"எனக்கா? நான் டெஸ்டுக்கே போகலியே அக்கா. கால் சுளுக்கிடுச்சு. அத்தான் திட்டுவாரேன்னு, போய்ட்டு வந்துட்டதா பொய் சொல்லிட்டேன்."

"உன் வாய்ல சக்கரையைப் போட!" என்று அவள் அங்கேயே அழுதாள். டிரைவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வேலை போனால் போகட்டும், மச்சான் பிழைத்தான்.

டாக்டர் விடுவதாயில்லை. மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப இவர் பேர்ல ஓடின அந்த ஜென்மம் எது?"

ஸ்கேன் எடுக்கும் பெண் ஓடிவந்து நாற்காலியை அவர் பின்னால் தள்ளினாள்.

"டாக்டர், கோபப்படாதீங்க, மெதுவா உட்காருங்க... இவர் வரலேன்னதும், 'மெஷின் சும்மாதானே கிடக்கு, எனக்கும் ஒண்ணு எடுத்துவைம்மா'ன்னு ஏறி ஓடினது நீங்கதான். நான்தான் பேரை மாத்த மறந்துட்டேன்."