சௌனாவுக்குள் ஒரு டிஸ்கோ

இனி என் வாழ்நாளில் முள்ளைத் தொட மாட்டேன் என்று செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காப்பிக் கோப்பையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். முள் என்றால் ரிக்கார்டு முள். சத்தியம் செய்யச் சொன்னது என் மனைவி சிர்க்கு. கோப்பையும் அவளுடையதுதான்.

நான் வெய்யோ. இருபத்தெட்டு வருஷமாக டிஜே. பகலில் தம்பெரே நகரப் பேருந்து ஓட்டுவது வயிற்றுக்காக. கல்யாணங்கள், படகுக் கழக ஆண்டு விழாக்கள், ஒரு தடவை டிராக்டர் கடைத் திறப்பு விழா என்று நான் ஆட வைக்காத ஆளே இந்த வட்டாரத்தில் கிடையாது. டிராக்டர் கடையில் மட்டும் யாரும் ஆடவில்லை. பனி அப்படி.

என்னிடம் ஆயிரத்து நூறு ரிக்கார்டு இருந்தது. எங்கள் வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு சமையலறை, குளியலறையை ஒட்டி ஒரு சௌனா. கல் அடுப்பு, மூன்று படி மரப்பலகை, ஆவிக் குளியலுக்கு வேண்டிய எல்லாம் உண்டு. அந்த மூன்று படியிலும் என் ரிக்கார்டுகள்தான் குளித்துக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷமாக அடுப்பு சூடு கண்டதில்லை. பின்லாந்தில் ஒரு பெண்ணை ஒன்பது வருஷம் வீட்டு சௌனா இல்லாமல் வைத்திருந்தவன் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதே பெரிய விஷயம். சிர்க்கு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பொதுச் சௌனாவுக்கு பஸ் ஏறிப் போவாள். சில நாள் அந்த பஸ்ஸை ஓட்டுவதும் நான்தான். கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு பிரேக் பிடிக்காது.

"கிறிஸ்துமஸுக்கு மார்யுக்கா வர்றா," என்றாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. மார்யுக்கா அவள் தங்கை.

"வரட்டும். நல்ல பொண்ணு."

"கிறிஸ்துமஸ் சௌனா எங்கேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"உள்ள ஒரு டிஸ்கோ உக்காந்திருக்கு, எழுந்திருக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன். இந்தத் தடவை நான் அடுப்பு மூட்டத்தான் போறேன், வெய்யோ. ரிக்கார்டு உள்ள இருந்தாலும் சரி, வெளிய இருந்தாலும் சரி."

சொல்லிவிட்டு மேஜை மேல் ஒரு பெட்டியை வைத்தாள். தட்டையான கறுப்புப் பெட்டி. மேலே இரண்டு சக்கரம், நிறையப் பட்டன். குழந்தைகள் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது போல இருந்தது.

"என்ன இது?"

"டிஜே பெட்டி. கம்ப்யூட்டர்ல சொருகிட்டா போதும். உன் ஆயிரத்து நூறும் இதுக்குள்ள அடங்கிடுமாம்."

"அடங்குமா?"

"நீயே அடங்கிட்ட. அதுங்க அடங்காதா?"

பெட்டியில் 'சிங்க்' என்று ஒரு பட்டன். அமுக்கினால் இரண்டு பாட்டும் ராணுவம் மாதிரி ஒரே தாளத்தில் நடக்கின்றன. இரண்டு பாட்டை அப்படிக் கையால் சேர்த்து நடக்க வைக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. பெட்டிக்கு அரை நொடி. அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. வெங்காயம் நறுக்குகிறேன் என்று சமாளித்தேன். சமையலறையில் வெங்காயமே இல்லை.

இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான். ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு உண்மை புரிந்தது. ஒரு ரிக்கார்டை ஏற்ற வேண்டுமானால் அது முழுக்கப் பாடி முடிக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு வருஷம் ஆகும். கிறிஸ்துமஸுக்கோ மூன்று மாதம். நாற்பத்து மூன்றாவது ரிக்கார்டோடு கைகழுவிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன்.

சோறு, முதல் மாடியில் குடியிருக்கும் கியோஸ்தி. காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் ஏரியில் ஐஸை உடைத்து ஓட்டை போட்டு அதில் குளிப்பவர். அதனால் அவர் வீட்டு சௌனா சும்மா கிடந்தது. நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ரகசியம் வைக்க இதைவிட நல்ல பெட்டகம் ஏது?

"கியோஸ்தி, உங்க சௌனாவுல என் ரிக்கார்டை வெச்சுக்கலாமா?"

"வை."

"சிர்க்குவுக்குத் தெரியக் கூடாது."

"ம்."

சிர்க்கு தபால்காரி. காலை ஆறு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு மணிக்குத்தான் வருவாள். எனக்கு மதிய ஷிஃப்ட் வந்த ஒரு வாரம், தினமும் அவள் திரும்புவதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு ரிக்கார்டு இறக்கினேன். முதுகு ஒடிந்தது. கடைசிக் கட்டும் இறங்கிய அன்று சோகமான முகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்தையும் வேற ஊர் ரிக்கார்டு சங்கத்துக்குத் தானம் பண்ணிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நம்ம கல்யாணத்துல போட்டதையும்?"

"அது பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. டிஜிட்டலா."

அவள் என் தலையைத் தடவி, ஏலக்காய் பன் ஒன்று கொடுத்தாள். அதை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சாப்பிட்டேன். ஏலக்காய் பன்னை வீணாக்குவது பாவம்.

அதற்குப் பிறகு தினம் மாலை கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கியோஸ்திக்கு இன்டர்நெட் கத்துக் குடுக்கப் போறேன்," என்று கீழே இறங்குவேன். அவர் வீட்டில் பழையபடி இரண்டு ரிக்கார்டு பிளேயர், நடுவில் நான். பாட்டுகளைக் கையால் கோர்த்து வாசித்து, பதிவு செய்து, மேலே வந்து இணையத்தில் போடுவேன். "வெய்யோவின் சமையலறை மிக்ஸ், ஒன்று. முழுக்க டிஜிட்டல். ஒரு முள்கூடப் பயன்படுத்தப்படவில்லை."

முதல் மிக்ஸைப் பதினொரு தடவை கேட்டிருந்தார்கள். அதில் ஒன்பது தடவை நான், சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது மிக்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் பனிமுயல். வடகோடியில், லாப்லாந்தில் கலைமான் மேய்ப்பவராம்.

"ஐயா, பனிவண்டியில் போகும்போது தங்கள் மிக்ஸைத்தான் கேட்கிறேன். முப்பத்தோராவது நிமிஷத்தில் வரும் பாட்டு எது?"

அந்தப் பாட்டு எது என்று ஒரு டிஜேயைக் கேட்பதைவிடப் பெரிய மரியாதை எங்கள் குலத்தில் கிடையாது. சட்டென்று சொல்லிவிடவும் கூடாது. அந்தக் காலத்தில் ரிக்கார்டின் நடுவில் இருக்கும் பெயரை யாரும் படித்துவிடாமல் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்போம். நானும் மூன்று நாள் பிகு பண்ணினேன். நாலாம் நாள் பாட்டு, பாடியவர், வருஷம், அட்டையில் இருக்கும் காப்பிக் கறை உட்பட எல்லாவற்றையும் எழுதினேன்.

பதில் வந்தது. "நன்றி ஐயா. அதில் 'காதலே' என்ற சொல் பாதியில் துள்ளுகிறதே. டிஜிட்டல் துள்ளுமா?"

அந்த இடத்தில் கம்ப்யூட்டரை மூடியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கலைமான் கூட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு காதா! இரண்டு பக்கம் எழுதினேன். அது எங்கள் கல்யாண ரிக்கார்டு. மணப்பெண் கையில் கறுப்புச் சாசேஜும் லிங்கன்பெரி ஜாமும் வைத்த தட்டோடு எனக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தாள். ஜாம் ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டின் மேல் விழுந்தது. கோட்டுக் கையால் துடைத்தேன். அன்றிலிருந்து முள் அங்கே வந்தால் துள்ளும். கீறாத பிரதி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதைப் போட மனசு வருவதில்லை.

இதோடு நிறுத்தினேனா? தவளை தன் வாயால் கெடும். "நமக்குள் இருக்கட்டும். நான் டிஜிட்டலே இல்லை. ரிக்கார்டெல்லாம் முதல் மாடி கியோஸ்தி வீட்டு சௌனாவில், மூன்று படியிலும் பத்திரமாக இருக்கிறது. என் மனைவிக்குத் தெரியாது. நல்லவள்தான். ஆனால் காது கொஞ்சம் மந்தம்."

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. "புரிகிறது ஐயா. தங்கள் மனைவி பாவம்."

நவம்பர் கடைசியில் என் முழங்கால் கெட்டுப்போனது. ஒரு நாள் கட்டிலில் ஏறும்போது கொஞ்சம் எம்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரம் நன்றாகவே எம்ப வேண்டியிருந்தது.

"சிர்க்கு, இந்தக் கட்டில் ஒசந்துடுச்சா?"

"கட்டில் எப்படி ஒசரும்? நீ சுருங்கிட்ட."

"ஆளு சுருங்குவானா?"

"அம்பது தாண்டினா ஆம்பளைங்க சுருங்குவாங்க. இரு, அளந்து பாத்துடலாம்."

கதவு நிலையில் என்னை நிற்க வைத்து, தலைக்கு மேல் அவளே பென்சிலால் கோடு போட்டாள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தேன். அன்று இரவே குதிரைத் தைலம் தேய்க்க ஆரம்பித்தோம். குதிரைக்குத்தான் தடவுவார்கள், எங்கள் ஊரில் கணவனுக்கும் தடவுவார்கள். தங்கை வருகிறாள் என்று கட்டிலுக்கும் தரை வரை தொங்கும் புது விரிப்பு வாங்கினாள். ஏற வசதியாக ஒரு முக்காலியும் வைத்தாள். இவ்வளவு நல்லவளிடம் பொய் சொல்கிறேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கியோஸ்தி வீட்டு மேல்படிக்கு ஏற முழங்கால் விடவில்லை. சௌனா விளக்கைக்கூடப் போடாமல், கீழ்ப்படியில் முன்வரிசையில் இருந்ததை மட்டும் எடுத்து வாசித்துவிட்டு வந்தேன். கடைசிப் பத்து நாள் அதற்கும் போக முடியவில்லை. படுக்கையறை தவிர, கிறிஸ்துமஸ் சுத்தம் முழுக்க என் தலையில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் மார்யுக்கா வந்து இறங்கினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் கல் சிவந்தது. அக்காவும் தங்கையும் துண்டோடு கிளம்பினார்கள்.

"நான் எப்ப குளிக்கறது?" என்றேன்.

"நீ கியோஸ்தி வீட்டுக்குப் போ. தனியா இருக்கார், பாவம். காலைலயே போன் பண்ணி மூட்டச் சொல்லிட்டேன்."

"எதை?"

"சௌனாவை. இந்நேரம் தொண்ணூறு டிகிரி இருக்கும்."

முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. குளியல் அங்கியோடு, வெறுங்காலோடு, இரண்டு மாடி இறங்கினேனா பறந்தேனா என்று எனக்கே தெரியாது. கதவைத் திறந்தால், மேல்படியில் கியோஸ்தி. பிறந்தமேனி. மடியில் சாசேஜ் தட்டு. மூன்று படியிலும் வேறு எதுவும் இல்லை. உருகிய கறுப்புக் குழம்புகூட இல்லை.

"கதவைச் சாத்து," என்றார்.

"ரிக்கார்டெல்லாம் எங்க?"

"போயிடுச்சு."

"யாரு எடுத்தா?"

"தபால்காரி."

"எங்க கொண்டு போனா?"

"மேல," என்று விரலைக் கூரைப் பக்கம் நீட்டினார். என் ரிக்கார்டுகள் சொர்க்கத்துக்கே போய்விட்டன என்று நினைத்தேன். மேலும் கேட்கலாம் என்றால் ஆறாவது வார்த்தையையும் அவர் செலவழித்துவிட்டார். "சாசேஜ்?"

மூச்சிரைக்க மேலே ஏறி எங்கள் சௌனாக் கதவைத் தட்டினேன். உள்ளே கல்லில் தண்ணீர் ஊற்றி 'உஸ்ஸ்' என்று ஆவி எழும்பியது.

"சிர்க்கு, என் ரிக்கார்டெல்லாம் எங்க?"

"எந்த ரிக்கார்டு?"

"ஆயிரத்து நூறு ரிக்கார்டு."

"அதைத்தான் தானம் பண்ணிட்டியே."

அங்கியில் ஒரு பக்கம் வியர்வை, ஒரு பக்கம் கண்ணீர்.

"பண்ணலை," என்றேன்.

"என்னது? சத்தமாச் சொல்லு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"பண்ணலைடி. கியோஸ்தி வீட்டுல ஒளிச்சு வெச்சேன். பெட்டியை நான் தொடவே இல்லை."

உள்ளே மார்யுக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பவும் ஒரு 'உஸ்ஸ்'.

"இந்த சௌனா இனிமே யாருக்கு?"

"உனக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"உயிர் இருக்கற வரைக்கும்."

"பெட்டி?"

"கத்துக்கறேன். சிங்க் பட்டனையும் அமுக்கறேன். ரிக்கார்டு எங்கேன்னு மட்டும் சொல்லு. அந்த ஜாம் ரிக்கார்டு மட்டுமாவது."

"அப்புறம் பேசலாம். இப்பத்தான் ஆவி நல்லா வந்திருக்கு."

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் செக்கச் செவேலென்று வெளியே வந்தார்கள். சிர்க்கு பால் கஞ்சி கிண்டச் சமையலறைக்குப் போனாள். நான் முக்காலி மேல் கால் வைத்துக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். கால் தரையில் படவில்லை. இருபத்தெட்டு வருஷ வாழ்க்கை போய்விட்டது. இந்த உலகத்தில் என் துக்கம் புரிந்த ஒரே ஜீவனுக்கு எழுதலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

"அன்புள்ள பனிமுயல், எல்லாம் போய்விட்டது. என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். கல்யாண ரிக்கார்டும் போச்சு. இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?"

அனுப்பினேன். சமையலறையில் சிர்க்குவின் போன் 'டிங்' என்றது. கஞ்சி கிண்டும் சத்தம் நின்றது. அரை நிமிஷத்தில் லாப்லாந்திலிருந்து பதில் வந்தது.

"எதுவும் போகலை. நீ உக்காந்திருக்கறதே அதுங்க மேலதான்."